வலது பக்கக் கப்

ஜாசினில் உள்ள என் சைக்கிள் கடைக்கு மணியம் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெம்பான் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் அவர் மகள் கஸ்தூரியுடையது; செகண்ட் ஹேண்டில் வாங்கிய இத்தாலி ரேஸ் பிரேம். கஸ்தூரி டெங்கிக் காய்ச்சலில் தவறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

பெடல் அச்சு ஓடும் கூட்டை, அதாவது பாட்டம் பிராக்கெட்டை, டார்ச் அடித்துப் பார்த்தேன். பேரிங்கைத் தாங்கும் வலது பக்கக் கப் திருகி உட்காரும் இடத்தில் மரை மொத்தமும் வழித்துக்கொண்டு போயிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எந்தப் புண்ணியவான் கைவைத்தான் என்று கேட்டேன். தான்தான் என்றார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டத்துச் சைக்கிள் எல்லாமே இங்கிலீஷ் மரை. அதில் வலது கப்பைக் கழற்ற உல்டாவாக, கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்ப வேண்டும். தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கையில் ஊறிய பழக்கம். இத்தாலி மரையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்; கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால் இறுகும். வலது கப் ஓட்ட ஓட்டத் தானாகத் தளர்ந்து கிரீச்சிடும். கொஞ்சம் இறுக்கினால் போதும். அண்ணன் கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறார். அத்தோடு விட்டிருந்தால் சத்தம் நின்றிருக்கும். கப் வரவில்லையே என்று ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்துவிட்டார்.

இங்கிலீஷ் மரை போனால் கூட்டைக் கடைந்து இத்தாலி அளவுக்கு மாற்றலாம். இத்தாலியே போனால் அதற்கு மேல் அளவு இல்லை.

அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன்.

"காலைல இத எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போவேன் தம்பி. திரும்பி வர்றப்ப இந்தச் சத்தம் கேட்டா, கஸ்தூரி வந்துட்டான்னு உங்க அண்ணி வாசலுக்கு ஓடியாந்துடுறா. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்னுடுவா. தினமும் இப்படித்தான்லா. அதான், சத்தத்த நிப்பாட்டிடலாம்னு."

சைக்கிளை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

மரையே தேவையில்லாமல் கூட்டுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் யூனிட் ஒன்று உண்டு. கோலாலம்பூரிலிருந்து வரவழைத்துப் போட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் பாசாரில் காய்கறி வாங்கும்போது அவரைப் பார்த்து சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன்.

"ஒரு குறையும் இல்ல தம்பி. முன்னெல்லாம் உங்க அண்ணி ஓடியாந்து பார்த்து, அழுதுட்டு உள்ள போயிடுவா. இப்ப சத்தமே கேக்கலையே, புள்ளய இன்னும் காணோமேன்னு வாசல்லயே உக்காந்திருக்கா."

மரையை அளந்து பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள் என்று இந்தத் தொழிலுக்கு வரும் எல்லாருக்கும் சொல்வேன். இப்போது இன்னொன்றும் சொல்கிறேன். சத்தம் வருகிறது என்று ஒருவர் சைக்கிளைக் கொண்டுவந்தால், வீட்டில் அதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.