நூர் முகமது பார்த்த கசகசாப் பூ

கள்ளக்குறிச்சி கடைவீதியில் நூர் முகமது மளிகைக் கடை வைத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. மிளகு எந்த ஊர் மிளகு, சீரகத்தில் எவ்வளவு மண் கலந்திருக்கிறது என்பதையெல்லாம் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். கதை பேசிக்கொண்டே பொட்டலம் கட்டுவார். பேச்சு சுவாரஸ்யமானால் ஒரு கிள்ளு கூடுதலாக விழும். வெள்ளிக்கிழமை தவிர கடைக்கு லீவு கிடையாது. மேற்கே கண்ணெதிரே நிற்கும் கல்வராயன் மலைக்குக்கூட அவர் ஒருநாளும் போனதில்லை.

1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் அந்தக் கடையை ஒரு வாரம் மூட வைத்தது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவந்து போடுகிற சடையன் கள்ளக்குறிச்சியிலேயே மாட்டிக்கொண்டார்.

"நடந்தே போயிடறேன் பாய்."

"வழியெல்லாம் போலீசு, கூட்டம். எங்க போற? நம்ம வூட்டுல இரு" என்று நூர் முகமது அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நூர் முகமதுவின் மனைவி ஹப்சா குருமாவுக்குக் கசகசா அரைக்க உட்கார்ந்தார். மலையில் உள்ள செடி கொடி அத்தனைக்கும் பேர் தெரிந்த சடையன், அதில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது இன்னா செடில காய்க்குது பாய்?"

"வடக்கேர்ந்து மூட்டைல வருது."

"மூட்டைல வருது, சரி. செடில எப்பிடி வருது?"

நூர் முகமது தானும் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தார். ஹப்சாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லா கேளுங்கண்ணே! முப்பது வருசமா வித்துக்கினு கீறாரு!"

மறியல் முடிந்து கிளம்பும்போது சடையன் ஒரு பிடி கசகசாவைத் துண்டில் முடிந்துகொண்டார். மழை விட்டுப் பனி இறங்கியதும் தன் வீட்டுக்குப் பின்னால் சாமைக் கொல்லை ஓரமாகத் தூவினார். மாசி மாதம் கடைக்கு வந்தவர் தேன் டின்னை இறக்கி வைத்ததும் சொன்ன முதல் பேச்சு, "பூத்துடிச்சி பாய். வாங்க!"

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நூர் முகமது கடையைப் பூட்டுவதைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் பதறிப்போய் ஓடிவந்தார். "யாருக்கு இன்னா ஆச்சு பாய்?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. பூ பாக்கப் போறேன்."

கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ். அதற்கப்புறம் நடை. வளைவுக்கு வளைவு உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் சடையன் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இடுப்பு உயரத்தில் நாற்பது செடிகள் நின்றன. மல்துணியைக் கசக்கி விரித்தது போல வெள்ளைப் பூக்கள். லேசான காற்றுக்கே நடுங்கின. இதழ் உதிர்ந்த இடத்தில், தலையில் குட்டிக் கிரீடம் வைத்த பச்சைக் காய்கள். நூர் முகமது ஒவ்வொரு செடியாகப் போய்த் தொட்டுப் பார்த்தார். "அட! அட!" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஒரு காயை நகத்தால் கீறினார். பால் வந்தது. பக்கத்துக் காயில் எப்போதோ கசிந்த பால் பழுப்பேறிப் பிசினாகி இருந்தது. அதை மோந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த வாசனை அவருக்குத் தெரியும். அவருடைய சின்ன வயதில் ஊரில் சர்க்கார் லைசென்ஸோடு ஓர் அபின் கடை நடந்தது. அவருடைய அத்தா அங்கே நிறுவைக்காரர். மூட்டுவலி, வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களுக்குக் குன்றிமணி அளவு கிள்ளி நிறுத்துக் கொடுப்பார். சாயந்திரம் வீடு திரும்பும் அத்தாவின் சட்டையில் இதே வாசனைதான் வரும். அந்தக் கடையெல்லாம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது லைசென்ஸ் இல்லாமல் இந்தச் செடியை வளர்த்தால் ஜெயில்.

"சடையா, இது அபினு!"

"நீங்க விக்கிறதுதான பாய்?"

"வெதைல ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் இந்தப் பால்ல கீது. ஒரு செடி வச்சிருந்தாலே உள்ள தள்ளிடுவாங்க."

சடையன் பூவைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல களி!" நூர் முகமதுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும் வரை இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இப்பவே புடுங்கிடவா?"

"வேணாம். அது ஒளிச்ச மாதிரி ஆயிடும். நானே போய்ச் சொல்றேன்."

சொன்னபடியே மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அவர் சொன்னதைக் கேட்ட ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மறியல் கேசு எழுதி எழுதிக் கை வீங்கிக் கெடக்குது. நீங்க இன்னா பாய், பூ கேசு கொண்டாந்துக்கீறீங்க!" இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை விசாரித்தார். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, பாவாடை என்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, பார்த்து, பிடுங்கி, எரித்துவிட்டு வரச்சொன்னார்.

நூர் முகமதுவின் முட்டிக்கு அந்த வாரத்தில் இரண்டாவது மலையேற்றம். வழியெல்லாம் சிடுசிடுத்துக்கொண்டு வந்த பாவாடை கொல்லையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இந்தப் பூவுக்கா இவ்ளோ சட்டம்?" என்றார். பிறகு, "ஒரு பத்து நிமிசம் பாத்துட்டுப் புடுங்கலாம்" என்று வரப்பில் உட்கார்ந்தார். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் மூன்று பேருமாகச் சேர்ந்து வேரோடு பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தார்கள். 'சமையல் விதையிலிருந்து தெரியாமல் முளைத்தது, அழிக்கப்பட்டது' என்று பாவாடை எழுதிக்கொடுத்தார். அதோடு விஷயம் முடிந்தது.

கடையில் அதற்குப் பிறகு நூறு கிராம் கசகசா கேட்டவர்கள் அரைமணி நேரம் நின்று கதை கேட்காமல் போனதில்லை. வருஷம் ஏற ஏற, பூவின் அளவைக் காட்டும் அவருடைய கைகள் அகன்றுகொண்டே போயின.

அடுத்த மாசியில் நூர் முகமது மறுபடி கடையைப் பூட்டினார். இந்தத் தடவை ஹப்சாவும் கூட வந்தார். "பூவு இல்லாத மலைல இன்னா பாக்கறது?" என்று முதல் ஓடை வருகிற வரைக்கும் முனகினார். ஓடையில் காலை வைத்ததும் முனகல் நின்றது. சடையன் கொல்லையில் இப்போது கடுகு மஞ்சளாகப் பூத்திருந்தது. சாமைச் சோறும் தேனும் சாப்பிட்டு முடித்ததும் நூர் முகமது எழுந்தார்.

"கெளம்பலாமா?"

"நாளைக்குப் போலாம். அந்தப் பக்கம் இன்னும் பாக்கவே இல்ல" என்று ஹப்சா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். நூர் முகமது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.