என் வீட்டுக்காரர் கோச்சாக இருந்த நான்கு ஆட்டங்கள்

கோவில்பட்டியில் ஹாக்கி ஆடுகிறவனுக்குத்தான் மரியாதை. அதற்குப் பச்சை விரிப்புப் போட்ட மைதானம் உண்டு, விளக்கு உண்டு, வெளியூரிலிருந்து வந்து பார்க்கிற ஆட்களும் உண்டு. கால்பந்துக்கு இருப்பது ஊருக்கு வெளியே ஒரு கரிசல் பொட்டல். கோடையில் அது விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்புகளில் மணலைக் கொட்டி நிரவித்தான் ஆடுவார்கள். மழை விழுந்துவிட்டால் பூட்ஸின் அடியில் மண் அப்பி, கால் தூக்கவே வராது. அந்தப் பொட்டலின் மேற்கே சில சிமென்ட் படிகள் இருக்கின்றன. எங்கள் கிளப்புக்கு ரசிகர்கள் என்றால் அந்தப் படிகளில் உட்காருகிற நாங்கள்தான்.

கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் இந்த மனுஷர் எங்கே காணாமல் போகிறார் என்று பார்க்கப் போனேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். படிகளில் நான் ஒருத்திதான் பெண். முதலில் தள்ளி உட்கார்ந்தவர்கள், நான் ஆஃப்சைடு பற்றி ஒருநாள் சண்டை போட்ட பிறகு தள்ளி உட்காரவில்லை. நான் தீப்பெட்டி ஆபீஸில் ஸ்டோர் பார்க்கிறேன், தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் கடை வைத்து, கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக்கம்பியால் காயில் கட்டுகிறவர்.

படிகளுக்குத் தவறாமல் வருகிறவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. இன்னொருவர் ஆடு வளர்த்து, மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிற மனிதர். எப்போதும்வென்றானிலிருந்து பஸ் மாறி வருவார். அந்தப் பெயருள்ள ஊரிலிருந்து வந்து இப்படியொரு அணிக்குக் கத்துகிறாரே என்று எதிரணிக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பருவத்தில் நாங்கள் மாவட்ட லீக்கில் கடைசி இடத்தில் கிடந்தோம். அப்படியே முடித்தால் கீழ் டிவிசனுக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் படிகளில் அதே பேச்சுத்தான்.

"கோச்ச மாத்தாம விடியாதுவே," என்பார் அண்ணாச்சி.

"கோச்சா போயி பந்த அடிக்கப் போறான்? இவனுவ கால்ல தெம்பு இல்ல. பொறவு எவன் வந்து என்ன செய்ய?" என்பார் எப்போதும்வென்றான்காரர்.

"ரெண்டு பேரு சொல்லுததும் தப்பு," என்று ஆரம்பிப்பார் என் வீட்டுக்காரர். "ஆள நிறுத்துத இடம் தப்பு. நடுவுல கூட்டமா நின்னு பந்த வாங்கணும். அத விட்டுட்டு அந்த நெட்டையன் தலையப் பாத்துத் தூக்கித் தூக்கி அடிக்கானுவ. அவன் நட்ட கம்பம் மாதிரி நிக்குதான்."

நெட்டையன் என்று அவர் சொன்னது எங்கள் முன்கள வீரனை. கழுகுமலைப் பையன். தீப்பெட்டி பண்டல்களை லாரியில் ஏற்றுகிற வேலை. அவன் மீது இவருக்கு அப்படியொரு கோபம். எனக்கோ இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரனுக்கு யாரும் துணைக்குப் போவதில்லை என்பதுதான் குறை. நான் அதைச் சொன்னால் மூன்று பேரும் சேர்ந்து மறுப்பார்கள்.

அந்தப் பருவத்தில் இரண்டு கோச்சுகள் போய்விட்டார்கள். முதல் ஆள் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார், மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அடுத்து சர்டிபிகேட் படித்த ஓர் இளைஞர் வந்தார். பந்தைத் தரையிலேயே உருட்டி ஆடச் சொன்னார். எங்கள் தரை அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் நாங்கள் நான்கு பேரும் கிளப் செயலாளரைப் பார்க்கப் போனோம். அவரும் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர்தான். அண்ணாச்சிதான் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, என்னென்ன தப்பு நடந்தது என்று விலாவாரியாக விளக்க ஆரம்பித்துவிட்டார். செயலாளர் முழுவதையும் கேட்டார்.

"இன்னும் நாலு ஆட்டம் கெடக்கு. இனிமே வெளியூர்ல இருந்து எவனும் வர மாட்டான். நீரே எடுத்து நடத்தும்வே," என்றார்.

அண்ணாச்சி சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவர் கடைக்குக் கிளம்பும்போது சொன்னேன். "வேண்டாம்னு சொல்லிருங்க."

"இத்தன வருசமா வெளிய உக்காந்து ஏசியாச்சு. கூப்பிடும்போது மாட்டேன்னா, நாளைக்கி எந்த வாயால பேச?"

"பேசாம இருந்தா என்ன?"

"ஒன்னால இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

கடைத் தரையில் சாக்பீஸால் மைதானம் வரைந்து, தேய்ந்துபோன பேரிங்குகளை ஆட்டக்காரர்களாக அடுக்கி வைத்தார். பின்னால் மூன்று பேர், நடுவில் ஆறு பேர், முன்னால் ஒரே ஒருவன். அந்த ஒருவனும் நெட்டையன் இல்லை. குட்டையாக, வேகமாக ஓடுகிற இன்னொரு பையன்.

"மழை தள்ளிப் போயிருக்கே தவிர வராமப் போகாது," என்றேன். "நம்ம மண்ணுல மழை விழுந்தா பந்து உருளாது. அப்ப தூக்கித்தான் அடிக்கணும். அதுக்கு ஒசரமான ஆளு வேணும்லா."

"வெளிய இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்."

எங்களைப் பார்த்து அந்தப் பி.டி. வாத்தியார் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு இவர்தான் அதிகமாகக் கொதித்தார். சொல்லி முடித்ததும் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். குனிந்து ஒரு பேரிங்கை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில். அவர் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார், நான் படிகளில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஆறு பேர் நின்றார்கள். ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்துக்கொண்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோல் பக்கம் ஒருவனும் போகவில்லை. எதிரணிக்காரர்கள் எங்கள் இடது பக்கமாகவே வந்து இரண்டு கோல் போட்டார்கள். படிகளில் இருந்தவர்கள் என்னை வைத்துக்கொண்டு பேசக் கூசினார்கள்.

கடைசியில் அண்ணாச்சிதான், "மைனி, கோவிச்சுக்கிடாதீங்க. நடுவுல எதுக்கு இத்தன பேரு? சந்தை மாதிரில்லா இருக்கு," என்றார்.

"கோவம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அவிய செஞ்சது தப்புதான்," என்றேன்.

அதற்குப் பிறகு அவர்கள் தாராளமாகப் பேசினார்கள். நானும் பேசினேன். வீட்டுக்குப் போகும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவர் முதுகைப் பார்த்தபடி வந்தேன். படிகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

இரண்டாவது ஆட்டம் கடற்கரையோர ஊர் ஒன்றில். அந்தப் பக்கத்துப் பையன்கள் நடக்கப் பழகும்போதே மணலில் பந்து உதைக்கிறவர்கள். அன்றைக்கு விழுந்த கோல்களை ஒரு கட்டத்துக்கு மேல் நாங்கள் எண்ணவில்லை. திரும்பி வரும்போது ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் ஒரே வேன். கோல்கீப்பர் முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. என் வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்து சீட்டில் இருந்தார். எட்டயபுரம் தாண்டியதும் பின்னாலிருந்து அண்ணாச்சி, "இதுக்குப் பழைய கோச்சே தேவல," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வேனில் வேறு சத்தமே இல்லை. முன் சீட்டில் அந்தத் தலை திரும்பவில்லை.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் மோட்டார்கள் குவிந்தன. மழை இல்லாததால் கிணற்றை நம்பி விதைத்தவர்கள் வந்து வந்து கேட்டுப் போனார்கள். ஒரு மோட்டாருக்கு அவர் கட்டின காயில் சுவிட்சைப் போட்டதும் புகைந்தது. அவர் கையால் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. மோட்டார்க்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் அந்தக் கருகின கம்பியை உருவிக்கொண்டே, "பின்னால மூணு பேக் தாங்காது, நாலு வேணும்," என்றார். அந்த மனிதருக்கு என்ன புரிந்திருக்கும்.

"விட்டுருங்க," என்றேன் அன்றைக்கு. "செயலாளர்ட்ட போயி முடியலன்னு சொல்லுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ."

"நீ என்ன நெனைப்ப?" என்று கேட்டார். நான் யோசித்தேன். யோசித்ததே தப்பாகிவிட்டது. அவர் எழுந்து போய்விட்டார்.

நெட்டையன் எங்கள் வீட்டுக்கு வந்தது அடுத்த நாள் காலை. கையில் ஜெர்சியை மடித்து வைத்திருந்தான். துவைத்து இஸ்திரி போட்டிருந்தான்.

"கோச்சுட்ட குடுத்துருங்கக்கா. நான் இனிமே வரல."

"ஏம்ப்பா?"

"அவிய சொன்னது சரிதான். நான் கம்பம் மாதிரித்தான் நிக்கேன். ஆட்டத்தன்னைக்கும் காலைல இருந்து லோடு ஏத்திட்டுத்தான் வாரேன். முதல் பாதிக்கு மேல காலு வர மாட்டேங்குதுக்கா."

இவர் இத்தனை வருஷமாகப் படிகளிலிருந்து கத்தினது ஒவ்வொன்றும் அவன் காதில் விழுந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கத்தினால் அவர்களுக்குக் கேட்கும் என்று நாங்கள் யாருமே நினைத்துப் பார்த்ததில்லை. ஜெர்சியை நான் வாங்கவில்லை. "ஞாயித்துக்கெழம வா," என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே திரும்பினால் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. ஆனால் அவனைக் கூப்பிடவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்தோம். கயத்தாறில் நடந்தது. எங்கள் திறமை ஒன்றுமில்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் தன் கோலிலேயே பந்தை அடித்துக்கொண்டான். ஆனாலும் ஜெயம் ஜெயம்தானே. வேனைக் கடம்பூருக்குத் திருப்பி, அண்ணாச்சி எல்லாருக்கும் போளி வாங்கிக் கொடுத்தார். கோல்கீப்பர் பாட்டுப் பாடினான். என் வீட்டுக்காரர் ஒரு போளியை முழுசாகத் தின்றார். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் தப்பிக்கலாம் என்று கணக்குத் தெரிந்ததும் எங்கள் நால்வருக்குமே பைத்தியம் பிடித்துவிட்டது. அந்த வாரம் நான் ஸ்டோரில் பொருள்களை மாற்றி மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். நம்பிக்கை இல்லாமல் இருந்த வாரங்களே இதைவிட நிம்மதியாக இருந்தன.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் மழை பிடித்தது. ஊரே சந்தோஷப்பட்டது. ஆட்டத்தன்று எப்போதும்வென்றான்காரர் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். "வெள்ளாமைக்கு நல்லது. நமக்குத்தான் கேடு," என்றார்.

எங்கள் மைதானம் உழுது போட்ட வயல் மாதிரி இருந்தது. பந்து உருளாமல் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தது. இவருடைய ஆறு பேரும் நடுவில் சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கோல்கீப்பர் வழுக்கி விழ, ஒரு கோல் போய்விட்டது.

இடைவேளையில் கோச் ஆட்டக்காரர்களிடம்தான் போக வேண்டும். இவர் நேராகப் படிகளுக்கு வந்தார். முழங்கால் வரை கரிசல். எங்கள் முன்னால் நின்று, "என்ன செய்யட்டும்? சொல்லுங்க," என்றார்.

வேறு எந்தக் கோச்சும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. அண்ணாச்சி கீழே பார்த்தார். எப்போதும்வென்றான்காரர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷப் பேச்சில் ஒரு வார்த்தை அந்த நேரத்துக்கு உதவவில்லை. இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வை என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"நெட்டையன எறக்குங்க," என்றேன். "பந்து தரையில வேண்டாம். எல்லாரையும் முன்னால போகச் சொல்லுங்க. தூக்கி அடிக்கட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நெட்டையன் வந்திருந்தான். அன்று காலை லோடு இல்லை. மழைக்குப் பண்டல்களை வெளியே எடுக்க மாட்டார்கள். அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் உயரமாக வந்த பந்தைத் தலையால் முட்டி கோலாக்கினான். நான் படியிலிருந்து கீழே குதித்துவிட்டேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொன்று வேண்டும். நான் சொன்ன மாதிரியே எல்லாரும் முன்னால் போனார்கள், தடுப்பு ஆட்டக்காரர்கள் உட்பட. தூக்கி அடித்தார்கள், திரும்பத் திரும்ப. ஒரு பந்தை எதிரணிக்காரன் வெளுத்து அடிக்க, அது எங்கள் பாதியில் போய் விழுந்தது. அங்கே கோல்கீப்பரைத் தவிர எங்கள் ஆள் ஒருவனும் இல்லை. அவர்களில் ஒருவன் சேற்றில் தடுமாறித் தடுமாறித்தான் ஓடினான். ஓடுகிறவனைப் பார்த்துக்கொண்டே நின்றோம், எட்டிப் பிடிக்க யாரும் இல்லாமல். கோலாகிவிட்டது, ஒன்றுக்கு இரண்டு.

ஆட்டம் முடிந்ததும் நெட்டையன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

படிகளில் அண்ணாச்சி, "பின்னால ஒருத்தனயாவது நிறுத்தியிருக்கலாம்," என்றார். சொன்ன பிறகுதான் அது யாருடைய யோசனை என்று அவருக்கு நினைவு வந்தது. "ஆமா அண்ணாச்சி, நிறுத்தியிருக்கலாம்," என்றேன்.

வீட்டில் வாளித் தண்ணீரை ஊற்றி அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். மண் லேசில் போகவில்லை. அப்போது கேட்டார்: "என் வழியிலயே விட்டிருந்தா?"

"அப்பவும் தோத்திருப்போம்," என்றேன்.

"அப்ப ஒன் வழி?"

"அதுலதான் தோத்தாச்சே."

அவர் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். சண்டை வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கீழ் டிவிசனுக்கு இறங்கியதும் செயலாளர் கையைக் கழுவிவிட்டார். எப்போதும்வென்றான்காரர் ஆடுகளைப் பார்க்க ஆளில்லை என்று வருவதைக் குறைத்துக்கொண்டார். கோல்கீப்பர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நெட்டையன் இன்னும் ஆடுகிறான். புதுக் கோச் அவனை முதல் பாதியோடு வெளியே எடுத்துவிடுகிறார். அது சரியான முடிவு என்று நான் படிகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் மைதானப் பக்கமே வரவில்லை. இப்போது வருகிறார். வந்தாலும் வாயைத் திறப்பதில்லை. அண்ணாச்சி வேண்டுமென்றே கிளறிப் பார்ப்பார், "நடுவுல ஆளு பத்தலயோ?" என்று. "தெரியலயே அண்ணாச்சி," என்பார் இவர். அவருக்குத் தெரியும். எதிரணி கோல் போடுவதற்கு முன்பே அவர் கண்ணை மூடிக்கொள்வதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேனே.

இந்தப் பருவத்திலும் இதுவரை ஜெயிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளத்தில் ஆட்டம். ரசிகர்களுக்கு வேன் பிடிக்க ஆள் சேரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். போகிற வழியெல்லாம் நான் இடது பக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னல் வழியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.