சட்டைப்பையில் ஒரு பெட்டி, காதுக்குள் ஒரு விசில்

இன்று அரூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் காதில் சின்னக் கருவி மாட்டியிருந்தார்.

"நான் பேசறது கேக்குதுங்களா?" என்றேன்.

"நல்லாவே கேக்குதுங்க. காதுக்குள்ள ஓயாம இரையுது. இதப் போட்டா கொஞ்சம் அடங்குது."

எனக்கு எண்பதுகள் ஞாபகம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் தர்மபுரியில் தகரப் பெட்டி செய்தவர். சுத்தியல் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. போதாததற்கு உள்ளே ஒரு விசில். எரிச்சலில் என்னோடு பேசுவதையே விட்டிருந்தார்.

காது கேட்க வேண்டுமென்று சேலத்து டாக்டர் ஒரு கருவி கொடுத்தார். சட்டைப்பையில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர்.

அதை மாட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் திகைத்து நின்றார். "எல்லாச் சத்தமும் கேக்குது. அந்த விசில மட்டும் காணோம்!"

நம்பாமல் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

"வந்துடுச்சு!"

திரும்பப் போட்டேன்.

"போயிடுச்சு!"

பஸ் வரும்வரை இதையே செய்து பார்த்தோம்.

வீட்டின் அமைதிக்குள் நுழைந்ததும் விசில் திரும்பிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு. நீ பேசினா அது அடங்குது."

பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன்.

பேச்சை நிறுத்தாதே என்று கணவரே கெஞ்சிய மனைவி இங்கே வேறு யாராவது உண்டா?