அம்மாவின் நிரை

மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் அம்மா ஆஸ்பத்திரி நடையிலேயே நின்றுவிட்டார்.

"முதுகு வலிக்குதுன்னு வந்தா இங்க அனுப்புறாங்க. அப்ப நான் பொய் சொல்றேன்னுதானே நெனைக்கிறாங்க?"

எலும்பு, தட்டு, நரம்பு எதிலும் பெரிய கோளாறு இல்லை என்று ஸ்கேன் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வலி மட்டும் வருடக்கணக்கில் போகவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாமல் போனால் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிவிடுவார்கள், பிறகு தோட்டம் கொடுத்த லயத்து அறையும் நிலைக்காது. அம்மாவின் பயம் அதுதான்.

டாக்டர் சிங்களத்தில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஹட்டனில் மோட்டர் பழுது பார்ப்பது என் வேலை. கோளாறு சரியான பிறகும் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் போலத்தான் அம்மாவின் உடம்பும் என்று விளக்கினேன்.

"அப்ப வயர வெட்டிவிடச் சொல்லு" என்றார் அம்மா.

வெட்ட முடியாது, பழக்கலாம் என்றார் டாக்டர். வழி மூன்று. வலி ஏறுவதற்கு முன்பே கொஞ்சம் நிற்க வேண்டும். நிற்கும்போது மூச்சை மெதுவாக விட வேண்டும். பிறகு திரும்பவும் வேலையைத் தொடங்க வேண்டும். மூன்றாவதை விட்டால் முதல் இரண்டால் பயனில்லை என்று அழுத்திச் சொன்னார்.

மலையில் ஆளுக்கு ஒரு நிரை தேயிலைச் செடி. ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரி கைகொடுப்பது வழக்கம். அம்மாவுக்குப் பக்கத்தில் எடுப்பவரை நான் சித்தி என்று கூப்பிடுவேன். அம்மா மூச்சு விட நின்றால் போதும், சித்தியும் மற்றவர்களும் சேர்ந்து அந்த நிரையையே முடித்து, கொழுந்தை அம்மாவின் பையில் போட்டுவிடுவார்கள். "நீங்க உக்காருங்க அக்கா, நாங்க இருக்கோம்ல." அம்மா மரத்தடியில் உட்கார்ந்தார். நாள் போகப் போக உட்காரும் நேரம் கூடியது. முதுகு இறுகியது. வீட்டில் குனிந்து அடுப்பு ஊதுவதற்கே பயந்தார்.

லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். "சித்தி, அம்மா நிரையில யாரும் கை வைக்காதீங்க" என்றேன்.

"நல்லாருக்கே! படிச்ச புள்ள வந்து பெத்தவள வேலைக்கு வெரட்டுது" என்று சித்தி சத்தமாகச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அன்று அம்மா நின்றார், மூச்சு விட்டார், குனிந்து எடுத்தார். மறுபடி நின்றார். சித்தியின் கை ஒரு தடவை அம்மாவின் செடிப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு சித்தி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே தன் நிரையில் எடுத்தார். நான் பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறுவையில் பையின் எடை குறைந்தது. கங்காணி அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலிதான் போட்டார். இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அவரிடம் என்ன வழி இருக்கும் என்று தெரியவில்லை.

இறங்கி வரும்போது அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து மடித்தார்.

"நாளைக்கும் இப்படித்தான் எடுக்கப் போறேன். நீ மட்டும் வராத புள்ள."

"ஏம்மா?"

"நீ பாத்துக்கிட்டு நின்னா, வலிக்காத மாதிரி நடிக்க வேண்டியிருக்கு. அதுக்குத் தனியாத் தெம்பு வேணும்."

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அம்மா தனியாகப் போனார். நான் ஹட்டன் பஸ்ஸுக்கு நின்றேன்.