தூசி அளந்த நாள்

டான்டினாங் பட்டறையில் சமையலறை மேடைக்குக் கல் அறுப்பது நெஸ்டருக்கு ஏழாவது வருடம். படிகக் கல் தூளைப் பிசினில் குழைத்து வார்த்த செயற்கைக் கல். அறுத்தால் மாவாகப் பறக்கும். இரண்டு மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரிடம் போகவில்லை. நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பத்தில் முதலாளி டேரல் கையெழுத்துப் போட வேண்டும். நோய் என்று தெரிந்து வேலை போனால், அறுபது நாளில் வேறு முதலாளி கிடைக்காவிட்டால், மனைவி மகளோடு சொந்த ஊரான இலோய்லோவுக்கு விமானம்தான்.

அன்று காலை பெரிய கதவுகளைத் தானே திறந்துவைத்தார் டேரல்.

"இன்னைக்கு எல்லாரும் தண்ணி விட்டுத்தான் அறுக்கணும். மாஸ்க் கழுத்துல தொங்கக் கூடாது. புரியுதா, மேட்?"

தூசி அளக்க வந்த ஹீதர், நெஸ்டரின் காலரில் சிறு கருவியைப் பொருத்தினாள்.

"நீங்க இழுக்கற காத்துல என்ன இருக்குன்னு இது பிடிச்சு வைக்கும். மூணு மணிக்கு வந்து கழட்டிக்கறேன்."

பக்கத்து மேசை ரொமல் சிரித்தான். அவனுக்கு நெஸ்டர் 'குயா', அண்ணன். "குயா, இந்தப் பொட்டிக்குத்தான் ராஜ மரியாதை! தினமும் கட்டிக்கிட்டு வாயேன், நாங்களும் பொழைச்சுப்போம்."

நெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. வருடத்தில் ஒரு நாளைக் கழுவித் துடைத்து அளந்துவிட்டு, மற்ற நாட்களுக்கும் அதையே சாட்சியாக வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பாம்! நாளை அவன் இருமினால், 'இங்கே வந்ததல்ல' என்று அந்தக் காகிதம் சொல்லும். அவன் மூச்சைக் கொண்டே அவன் வாயை அடைப்பார்கள்.

வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் ஒருவர் முதுகை ஒருவர் ஊதிவிடுவது அங்கே வழக்கம். வீட்டுக்குத் தூசியோடு போகக் கூடாது, குழந்தையைத் தூக்க வேண்டுமே என்ற அக்கறை. நாளிலேயே அடர்ந்த தூசி அப்போதுதான் எழும், மூன்றரை மணிக்கு. அதற்குள் கருவி போய்விடும்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நெஸ்டர் ரொமலிடம் போய் முதுகைக் காட்டினான்.

"ஊதுடா."

"இப்பவா? பொட்டி இருக்கு, குயா. உனக்குப் பைத்தியமா?"

"தினமும் ஊதற மாதிரி ஊது."

ரொமல் ஒரு கணம் தயங்கிவிட்டுக் குழாயைத் திறந்தான். காலையில் விட்ட தண்ணீர் தொடாத, சட்டை மடிப்புகளில் பல நாளாகப் படிந்திருந்த வெள்ளைத் தூசி எழுந்து இருவரையும் மூடியது.

"நிறுத்துடா!" டேரல் ஓடிவந்தார். அவர் பின்னாலேயே ஹீதர்.

"இது தினமும் நடக்குதா?" என்று கேட்டாள்.

ரொமல் குழாயைப் பார்த்தான். டேரல் நெஸ்டரைப் பார்த்தார்.

"தினமும்," என்றான் நெஸ்டர். மேலே சொல்ல இருமல் விடவில்லை.

அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டு கருவியைக் கழற்றினாள். அவள் கார் போனதும் டேரல் நெஸ்டரிடம் வந்தார்.

"உன் ஃபாரம் என் மேசைமேலதான் இருக்கு, மேட். இருக்கட்டும்."

மறுநாள் ஆறு மணிக்கு நெஸ்டர் வந்தான். விசாவில் இந்தப் பட்டறையின் பெயர்தானே இருக்கிறது! பெரிய கதவுகள் பழையபடி மூடியிருந்தன. முதல் கல்லை மேசையில் ஏற்றிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் தானே திறந்துகொண்டான்.