மெயினை அணைத்தும் ஓடிய மீட்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். கொட்டகலை பஜாரில் வயரிங் வேலை செய்கிறேன், பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில். அன்றைக்கு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நடந்த கூட்டத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் கோபம் வந்திருக்கும்.

‘வீட்டில் மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர், ஏசியை இருபத்தாறில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதீர்கள் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் காலையிலிருந்து மழையில் நனைந்து கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள். கம்பளி போர்த்தியும் நடுங்குகிற மலையில் ஏசியாம்! யாரிடம் என்ன பேசுகிறோம் என்ற நினைப்பு வேண்டாமா மனுசனுக்கு?

அவர்களில் பூரணி அக்கா எழுந்து நின்றார்.

“ஐயா, எங்க வீட்டுல ஏசியும் இல்ல, ஃப்ரிட்ஜும் இல்ல. ரெண்டு பல்பும் வீட்டுக்காரரு மூச்சிழுக்கிற மெஷினும்தான். மாசம் நூறு யூனிட்டுக்கு மேல பில்லு வருது. நான் எதைங்க அணைக்கிறது?”

“அப்ப வீட்டுல யாரோ கவனமில்லாம இருக்காங்க அம்மா. பிள்ளைகளக் கொஞ்சம் பாருங்க” என்றார் ஐயா. நாலு பேர் சிரித்தார்கள். அக்காவின் ஒரே மகள் நிலக்ஷி கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். வீட்டில் பிள்ளையே இல்லை, இதில் யாரைப் பார்ப்பது?

பூரணி அக்காவைத் தெரிந்தவர்கள் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஜீவராஜ் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த லயத்துக்கு வந்தவர். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று அரைக் கிலோ கூடுதலாக வெட்டினாலும் கணக்கப்பிள்ளையை விடமாட்டார். “என் கையி பறிச்சது, உங்க வாயி தின்னக் கூடாது” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்.

அண்ணன் பாக்டரியில் தேயிலை சலிக்கும் அறையில் இருபது வருடம் நின்றார். தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது. இப்போது தினமும் மூன்று வேளை, மருந்தைப் புகையாக்கித் தருகிற மெஷினை முகத்தில் மாட்டி மூச்சிழுக்க வேண்டும். அது கரண்டில் ஓடுவது. கரண்ட் இல்லாவிட்டால் ஒவ்வொரு வேளைக்கும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஓடுவதற்குள் மூச்சு நிற்குமோ என்னவோ.

எட்டு மாதமாக பில் ஏறியது. யூனிட் கூடக்கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் சேர்ந்து ஏறும் என்பது தெரிந்ததுதானே. அக்கா ரைஸ் குக்கரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினார். சிரட்டைக் கரிப் பெட்டியில் துணி தேய்த்தார். டீவி வயரைக் கழற்றிச் சுருட்டினார். செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலை விறகு சுமந்து வந்து அடுப்பெரித்தார். அந்தப் புகையில் அண்ணன் இன்னும் இருமினார். அப்படியும் பில் இறங்கவில்லை. கடைசியில் சிவப்பு நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வெட்டிவிடுவார்களாம்.

கூட்டம் முடிந்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தார். “தம்பி, ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. நான் திருடியுமில்ல, ஊதாரியுமில்ல. எனக்கு அது மட்டும் தெரியணும்.”

போனேன். முதலில் மெயினை அணைத்தேன். வீடு இருண்டது. வெளிச்சுவரில் மீட்டரைப் பார்த்தால், தட்டு அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது!

“அக்கா, இதுல இருந்து வேற எங்கயாவது லைன் போகுதா?”

“கோயிலுக்குப் போகுது. சாமி வெளக்கு” என்றார், அதிலென்ன என்பதுபோல.

லயத்துக்குக் கரண்ட் வந்த வருடம் அக்காவின் மாமனார் ஒரு நேர்ச்சை வைத்திருந்தாராம். தன் வீட்டுக் கரண்டில்தான் மாரியம்மனுக்கு விளக்கெரிய வேண்டும், வீட்டு மெயினை அணைத்தாலும் அம்மன் விளக்கு அணையக் கூடாது. எவனோ ஒரு வயர்மேன் அதைக் கேட்டு, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் கோயில் வயரை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அரைக் கிலோ கொழுந்துக்குச் சண்டை போடுகிற அக்கா, இந்த வயரை மட்டும் ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாமிக்குக் கொடுத்ததைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

ஒரு பல்பு இவ்வளவு தின்னாது. கூரைத் தகரத்துக்கு அடியில் வயரைப் பிடித்துக்கொண்டே கோயில்வரை போனேன். பல்பு எரிந்தது. பல்புக்குப் பின்னாலிருந்த பலகையைக் கழற்றினேன். அங்கிருந்து புதுசாக ஒரு கறுப்பு வயர், கோயில் சுவரைத் துளைத்து, பக்கத்துக் கடைக்குள் போனது.

கடை விஜிதரனுடையது. கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். தைப்பொங்கல் முடிந்த கையோடு பெரிய ஐஸ் பெட்டி வாங்கி உறைந்த கோழி விற்கிறார். ராவும் பகலும் உறுமுகிற பெட்டி. எண்ணிப் பார்த்தால் அதிலிருந்து சரியாக எட்டு மாதம். அடப் பாவி, சாமியைக் காட்டித் திருடுகிறாயே, உருப்படுவாயா?

அக்கா வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கழட்டுங்க தம்பி” என்றார்.

கையுறை மாட்டிக்கொண்டு கழற்றினேன். உறுமல் நின்றது. ஐந்து நிமிடத்தில் விஜிதரன் ஓடி வந்தார்.

“என்ன அக்கா இது? சாமி காரியத்துல போயி கணக்குப் பாக்கலாமா?”

“மாரியாத்தா எப்பங்க கோழிக்கட வச்சா?” என்றார் அக்கா.

அதற்குள் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

விஜிதரன் குரலைத் தணித்தார். “ஒரு அவசரத்துக்கு ஒட்டினது. திருவிழா முடியட்டும், பேசித் தீத்துக்குவோம்.”

“ஒங்களுக்கு அவசரம். எனக்கு வெள்ளிக்கெழம கரண்ட வெட்ட வர்றான். இந்த மனுசன் மூச்சுக்கு நான் யாரு வாசல்ல போய் நிக்கிறது? மொதல்ல சிவப்பு பில்லக் கட்டிட்டு ரசீதோட வாங்க. அப்புறம் பேசலாம்.”

“கோழியெல்லாம் கெட்டுருமே அக்கா!”

“கெடட்டும்.”

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவரால் அக்காவிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை. பெட்டிக்கடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் போனை எடுத்தார். பில் கட்ட இப்போதெல்லாம் பஜாருக்குக்கூட இறங்க வேண்டியதில்லை, போனிலேயே முடிந்துவிடுகிறது. எட்டு மாதமாக அக்கா வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தவித்ததை, அந்த ஆள் ஐந்து நிமிடத்தில் விரலால் தட்டிக் கட்டிவிட்டார்.

பணம் போய்ச் சேர்ந்த செய்தி அக்காவின் போனுக்கும் வந்தது. “இப்ப ஒட்டச் சொல்லுங்க” என்றார் விஜிதரன்.

“ஒட்ட மாட்டாரு. ஒங்க கடைக்கு நீங்க மீட்டர் எடுத்துக்கங்க. தம்பி, சாமிக்கு மட்டும் என் மெயினுக்குள்ள இருந்து தனி லைன் இழுங்க, ஒரே ஒரு பல்புக்கு. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. நான் அவகிட்ட சொல்லிக்கிறேன்.”

பழைய ஒட்டைப் பிரித்துவிட்டு, புதுசாக இழுத்துக் கொடுத்தேன். மெயினை அணைத்து மீட்டரைக் காட்டினேன். தட்டு அசையாமல் நின்றது. அக்கா அதைத் தொட்டுப் பார்க்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

திரும்ப மெயினைப் போட்டபோது அண்ணனின் மதிய மருந்துக்கு நேரம். மெஷினை மாட்டிக்கொண்டு மூச்சிழுத்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும், பழக்கத்தில் தானே சுவிட்சை அணைத்துவிட்டு மாஸ்க்கைக் கழற்றினார். கிண்ணத்தில் பாதி மருந்து அப்படியே நின்றது.

“ஏன் எடுத்துட்டீங்க?” என்றார் அக்கா.

“இவ்வளவுதானே எப்பவும்.”

“எப்பவுமா?”

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “நீ மலைக்குப் போனப்புறம் பாதியிலயே நிப்பாட்டிருவேன் புள்ள. இதுதான் கரண்ட இழுக்குதுன்னு நெனச்சேன். மிச்சத்தக் கொட்டிருவேன். பில்லு எறங்கிட்டா நீ வெறகு சுமக்க வேணாமேன்னு...”

முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அக்கா மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் அழுத்தி மாட்டி, சுவிட்சைப் போட்டார். “தீர்ற வரைக்கும் கழட்டினீங்கன்னா பாருங்க” என்றார். அதுவரை சொட்டுக் கண்ணீர் விடாதவருக்கு அப்போதுதான் பொலபொலவென்று வந்தது. துடைக்காமல் வாசலுக்குப் போய், கடையைப் பார்த்து, லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

“டேய் விஜிதரா! பில்லக் கட்டிட்ட. எட்டு மாசமா இந்த மனுசன் இழுக்காம விட்ட மூச்ச எங்கடா கொண்டுபோய்க் கட்டுவ?”