முதுகு மட்டும் தெரிந்த படம்

2005 ஜனவரி. புத்தாண்டு பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டாரைக்கூட இன்னும் இறக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால், பீன்யாவில் என் கணவரோடு ஒரே ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தம்பி நிற்கிறார். நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர்க்காரர். சுனாமியில் அவர் அக்காவின் வீடும் போய், அக்கா மகளும் போய்விட்டாள் என்று போனில் கேட்டு அழுதிருந்தோம். அவர் ஊரிலிருந்து திரும்பிய விஷயம் தெரியாது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சர், போன மாசம் எங்க ஊர்ல எடுத்தீங்களே, அந்தப் போட்டோல எங்க பாப்பா எங்கயாச்சும் இருக்குமா? வீட்ல இருந்த போட்டோ எல்லாத்தையும் கடல் எடுத்துக்கிச்சு. அக்கா ஒண்ணே ஒண்ணு கேக்குது."

இருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எனக்குப் பறவைப் பைத்தியம். பனிக்காலத்தில் தன் ஊர்க் கடலுக்கு எங்கெங்கிருந்தோ பறவை வரும் என்று இந்தத் தம்பிதான் முதலில் ஆசை காட்டினார். அதிலிருந்து மூன்று வருஷமாக டிசம்பர் வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் அக்கா வீட்டில் போய் இறங்கிவிடுவேன். அந்த அம்மா கையால் மீன் குழம்பு சாப்பிடுவேன், விடிவதற்கு முன்னால் கரையோரமாக நடக்கப் போய்விடுவேன். அந்தச் சின்னப் பெண் என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும். வருஷம் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற டீச்சர் நான். லீவிலாவது பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்பது என் கொள்கை. என் ஃபிலிமில் பறவைக்கு மட்டும்தான் இடம். அந்த வீட்டில் யாரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பழைய படங்களை எல்லாம் கட்டிலில் கொட்டித் தேடினோம். உள்ளான், ஆலா, பூநாரை, மறுபடி உள்ளான். அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றிலும் இல்லை.

மிச்சம் இருந்தது கேமராவுக்குள் கிடந்த ரோல்தான். சுனாமிக்கு முந்தின ஞாயிறு அங்கே எடுத்தது. சில படம் பாக்கி இருந்ததால் கழற்ற மனசு வராமல் அப்படியே வைத்திருந்தேன். அன்றைக்கு ஈர மணலில் குப்புறப் படுத்து, நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து ஒரு உள்ளான் கூட்டத்தை நெருங்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்து பின்னாலிருந்து அவள் ஓடிவந்து என்னைத் தாண்டிக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்துவிட்டாள். எல்லாம் பறந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம், சனியனே என்று கத்திவிட்டேன். கத்தினது நன்றாக ஞாபகம் இருந்தது. விரல் பட்டனை அழுத்தியதா இல்லையா என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆட்டோ பிடித்து லேபுக்குப் போனோம். பிரிண்ட் போட்டு வரும்வரை அவர் கடை வாசலிலேயே நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து, இருக்கவேண்டும் ஆண்டவரே என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாள். படம் முழுக்கக் கலைந்து எழும்பும் பறவைகள். நடுவே தண்ணீரைப் பார்த்து ஓடுகிற மஞ்சள் கவுன், தூக்கின இரண்டு கை, காற்றில் பறக்கிற முடி. முதுகுதான் தெரிந்தது. முகம் இல்லை. நான் ஃபோகஸ் பண்ணியது பறவைகளை என்பதால் அதுவும் கலங்கலாகத்தான் இருந்தது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று நிமிர்ந்தால், அந்த மனிதர் கடைக்காரர் முன்னாலேயே அந்தப் படத்தைக் கண்ணில் ஒத்திக்கொண்டார். "இந்தக் கவுன் நான் சிவாஜிநகர்ல வாங்கினது டீச்சர். தீபாவளிக்கு எடுத்தது" என்று தேம்பினார்.

பெரிதாக்கிக் கொடுத்தோம். அடுத்த மாதம் நானும் அவரும் அதை எடுத்துக்கொண்டு போனோம். அந்த அம்மா தகரக் கொட்டகையில் இருந்தார். மகளை மற்றவர்களோடு ஒரே குழியில் புதைத்துவிட்டிருந்தார்கள். தாய்க்குக் கடைசியாக முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு படத்துக்குச் சட்டம் போடப் போன இடத்தில் ஸ்டுடியோக்காரர் நல்ல எண்ணத்தில் ஒன்று சொன்னார். வேறு ஒரு குழந்தையின் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, அவள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுபோல ஆக்கித் தரலாமாம். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

"மூஞ்சி எனக்குத் தெரியும்ங்க. அவ ஓடுற மாதிரியே இருக்கட்டும்."

நான் கத்தியதை அவரிடம் சொல்லிவிடத்தான் போயிருந்தேன். அவர் படத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குச் சொல்லத் துணிவு வரவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி விழுமே டீச்சர், நீங்கதான் பாத்திருக்கீங்களே" என்றார். ஆமாம்மா என்று தலையை ஆட்டினேன்.

தூரத்தில் நிற்கிற உள்ளானின் கால் சிவப்பா பச்சையா என்று பார்த்து அது என்ன ஜாதி என்று சொல்லிவிடுவேன். மூன்று பனிக்காலம் எனக்குத் தண்ணீர் சுமந்து வந்த அந்தக் குழந்தைக்கு எந்தக் கன்னத்தில் குழி விழும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.